ஆத்துமாவுக்கு இரண்டு வண்டி

18.10.1998, ஞாயிறு

மறைக்கல்வி வகுப்பில் இன்று ஆத்துமாவின் மதிப்பு. உலகம் முழுவதையும் கொட்டிக் கொடுத்தாலும் ஓர் ஆத்துமாவுக்கு ஈடாகாது என்று பிள்ளைகளுக்கு நானே சொன்னேன், சிரிக்காமல். ஜன்னலுக்கு வெளியே அப்பா சவ வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷமாக மேலத்தெருப் பிணங்களைக் கல்லறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறவர். அந்த வண்டி எங்கள் கீழத்தெருவுக்குள் வராது. நாங்கள் செத்தால் நாலு பேர் தோளில், வாய்க்கால் கரை வழியாக.

வீட்டுக்கு வரும்போது சொன்னார்: "ஒரே ஒரு தடவை அதுல படுத்துப் போயிடணும்மா." கல்யாணப் பேச்சு மாதிரி வெட்கம் வேறு. எனக்கு எரிந்தது.

2.11.1998, கல்லறைத் திருநாள்

பிரசங்கம் முக்கால் மணி நேரம். ஆத்துமாவுக்குச் சாதி இல்லையாம், தெரு இல்லையாம். பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய் நின்றேன். "அப்ப வண்டிக்கு மட்டும் எதுக்கு சாமி தெரு?"

"படிச்ச பொண்ணு, பொறுமையா இரும்மா. பேரவையில வைக்கிறேன்" என்றார்.

படித்ததால்தானே கேட்டேன்?

29.11.1998

கோயிலின் பங்குப் பேரவை தீர்ப்புச் சொல்லிவிட்டது. தலைவர், மேலத்தெரு லியோ சார் எழுந்து, எல்லா ஆத்துமாவும் சமம், ஆகவே கீழத்தெருவுக்கும் ஒரு வண்டி என்றார். தனி வண்டி! குவைத்தில் இருக்கும் அவர் தம்பியின் உபயம். வாய்க்கால் கரையில் உருளும்படி ஒடுக்கமாகச் செய்யச் சொல்லியிருக்கிறாராம். என்ன கரிசனம். மோட்சத்திலும் எங்களுக்கு ஒடுக்கமாக ஒரு வாசல் வைத்திருப்பார்கள்போல.

எல்லாரும் கைதட்டினார்கள். எங்கள் தெரு ஆட்களும் தட்டினார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

10.1.1999

புது வண்டியைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார்கள். ரப்பர் டயர், பக்கத்துக்குக் கண்ணாடி, நீல வெல்வெட். அப்பா போகவில்லை. "தனியாக் குடுக்குறது மரியாதை இல்லம்மா" என்றார். இருமல் விடவில்லை.

3.2.1999

லியோ சாரின் அம்மா மரியபுஷ்பம் நேற்று இறந்துபோனார். குவைத்தும் சிங்கப்பூரும் வந்து இறங்கிவிட்டன, வீடியோக்காரரோடு. பழைய வண்டி துருப்பிடித்தது, வீடியோவில் நன்றாக இருக்காதாம். லியோ சார் எங்கள் வாசலில்! உட்காரச் சொன்னேன், நின்றார்.

"லின்சி டீச்சர், உங்க வண்டிய ஒருநாளைக்குக் குடுத்தா..."

நான் வாயைத் திறக்குமுன் அப்பா பாயிலிருந்தே சொல்லிவிட்டார்: "எடுத்துட்டுப் போங்க. அம்மா நல்ல மனுஷி."

எனக்கு அவ்வளவு பெரிய மனசெல்லாம் கிடையாது.

14.2.1999

வண்டி திரும்பி வரவில்லை. கேட்டால், அம்மா போன வண்டியைக் கீழத்தெருவுக்கு எப்படி என்று இழுக்கிறார்கள். பதிலுக்குப் பழையதை எங்கள் தெருமுனையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மானங்கெட்டவனுங்க — ஒரு பொணம் ஏறினா வண்டிக்கும் சாதி வந்துடுமா? கத்தித் தீர்த்தேன். அப்பாவோ இருமல் வரும்வரை சிரித்தார். எதற்கு அப்படிச் சிரித்தார் என்று கேட்டேன். தண்ணீர் கேட்டார்.

28.3.1999

சாமியார் வந்து அப்பாவுக்கு அவஸ்தை கொடுத்தார், சாகிறவர்களுக்குப் பூசும் கடைசி எண்ணெய். கஞ்சிகூட இறங்கவில்லை.

9.4.1999

அப்பாவை நேற்று அடக்கம் செய்தோம்.

பழைய வண்டியில்தான் ஏற்றினோம். வாய்க்கால் கரையில் அது ஏறவில்லை. கரையைவிட வண்டி அகலம். மேலத்தெருவைத் தவிர வேறு வழி கிடையாது. வண்டியைத் தள்ளிவிட்டுப் போன புத்திசாலிகள் இதை யோசிக்கவே இல்லை.

லியோ சார் ஓடிவந்தார். "தோள்ல தூக்கிட்டுப் போறதுதான் டீச்சர் அப்பாவுக்கு மரியாதை."

"அந்த மரியாதைய நெறைய பாத்தாச்சு சார். வழி விடுங்க." அவர் விலகினார்.

அப்பாவுக்கு இது சிரித்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அந்த வண்டியின் அகலம் அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்?

வெறும் வண்டியோடு திரும்பும்போதும் மேலத்தெரு வழியாகவே வந்தோம்.