ஜன்னல் எட்டு சாண்

24 மார்ச் 1998, செவ்வாய்

ஹில்டாவோட நாப்பதாம் நாள் ஜெபம் ஞாயித்துக்கிழமை முடிஞ்சது. இன்னைக்குத்தான் எங்க போர்டு, பேனர் கடையைத் திறந்தேன். அவ உக்கார்ற ஸ்டூல் மேல ஏசுதாஸ் மச்சான் வினைல் ரோலை நிறுத்தி வச்சிருக்கார். காலியா தெரியக் கூடாதுன்னு வச்சிருப்பார்.

நான் பொண்டாட்டியைன்னா, அவரும் தங்கச்சியப் பறிகொடுத்தவர்தான். ஆனா என்னை மாதிரி மரத்துப் போகல. அழுறார், மூக்கைச் சிந்துறார், போர்டுக்கு எழுத்து வெட்டுறார். எனக்கு ஒண்ணுமே வரமாட்டேங்குது. காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேர்த்த ஆறாவது நாள் போயிட்டா. அன்னைக்கும் வரல.

"பேனர் பிரிண்டர் வாங்குற விஷயம் என்ன மாப்ள?"ன்னார். பாக்கலாம்னேன்.

28 மார்ச், சனி

பெங்களூர் போனேன். பிரிண்டர் டெமோ. மஞ்சுநாத்துன்னு சேல்ஸ் ஆள். ஜனவரியில நானும் ஹில்டாவும் போனப்போ பாத்தவன்.

"மேடம் பர்லில்வா சார்?" வரலையான்னு கேக்குறான்.

"இல்ல"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அப்புறம் மூணு மணி நேரம் நாசில் பத்தி, இங்க் பத்தி, வெயில்ல எத்தனை மாசத்துல வெளுக்கும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். முப்பத்தாறு இஞ்ச் அகலத்துல ஒண்ணு, அம்பது இஞ்ச்ல ஒண்ணு. ரெண்டுமே கான்வாஸ் எடுக்குது. பெரிசு ஒரே பீஸ்தான் இருக்காம். ஏப்ரல் பதினொண்ணு வரைக்கும் நிறுத்தி வைப்பானாம்.

எங்களால ஒரு தடவைதான் வாங்க முடியும். தப்பாப் போனா ரெண்டு குடும்பமும் தெருவுல.

1 ஏப்ரல்

ரெண்டு மெஷினையும் வரி வரியா எழுதி ஒப்பிட்டேன். இருபத்திமூணு வரி. வோல்டேஜ், மழைக்கால ஈரம், ஹெட் ஆயுசு, எல்லாம். பாதிக்குப் பாதி வருது.

மனசு சின்னதுக்குத்தான் போகுது. எனக்கு எதுவுமே பெரிசா வேண்டாம்.

மச்சான் விடல. "முப்பத்தாறு வாங்கினா மறுபடி ஒட்டுப் போட்டே சாகணும் மாப்ள. அந்தச் சேலைக்கடை பேனர் மறந்துட்டியா?"

எப்படி மறக்கும்? வெளியில பிரிண்ட் போட்டு ரெண்டு துண்டா வாங்கி ஒட்டினது. ஒட்டு சரியா அந்த மாடல் பொண்ணு மூக்கு நடுவுல. ஹில்டா பாத்துட்டு, "மூக்குத்தி போடச் சொன்னா மூக்கையே பிளந்து வச்சிருக்கீங்களே, பாவிங்களா"ன்னா. கடைக்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டதும் அவதான். அன்னைக்கே முடிவு பண்ணிட்டா, அகலமானதுதான் வேணும்னு.

சரி. அம்பது.

3 ஏப்ரல், வெள்ளி

மஞ்சுநாத்துக்குப் போன் போட்டேன். சந்தோஷப்பட்டுட்டுக் கேட்டான்: "நிம்ம ஷாப் மாடியில தானே சார்? பெட்டி ஏழடி. படி எப்டி?"

படி.

இருபத்திமூணு வரியில படி இல்ல.

டேப் எடுத்துட்டு ஓடினேன். படி திரும்புற இடம் முப்பத்தொம்பது இஞ்ச். மேல சீலிங் தாழ்வு. படுக்க வச்சாலும் நிக்க வச்சாலும் ஏழடி அங்க திரும்பாது.

"உன் டிப்ளமோவுல படிக்கட்டுக்குப் பாடம் இல்லையா மாப்ள?"ன்னு மச்சான் சிரிச்சார். நான் சிரிக்கலைன்னதும் நிறுத்திட்டார்.

4 ஏப்ரல்

அப்போ முப்பத்தாறுதான். ஒட்டுதான். தலையில எழுதியிருக்கு போல.

8 ஏப்ரல், புதன்

சின்னதோட மாடல் நம்பர் பாக்கலாம்னு ஜனவரியில குடுத்த பிரவுச்சரை எடுத்தேன். பின் அட்டை உள்பக்கம் பென்சில். அவ எழுத்து.

கதவு 4 சாண்
படி திருப்பம் 5 சாண் – வராது
ஜன்னல் 8 சாண் – கம்பி கழட்டினா வரும்
ஓனரைக் கேக்கணும் ✓

சாண்! அதுக்கும் நான் கிண்டல் பண்ணுவேன். கடை முழுக்க டேப் கெடக்கு, இவ சாண் போடுறாளேன்னு. "டேப்பை நீ எங்க வச்சேன்னு தேடுற நேரத்துல நான் அளந்தே முடிச்சிருவேன்"ம்பா.

அந்த டிக் எதுக்கு?

9 ஏப்ரல், பெரிய வியாழன்

பில்டிங் ஓனர் நஞ்சுண்டசாமி. கீழ பாத்திரக்கடை. தயங்கித் தயங்கி ஜன்னல் கம்பி பத்திக் கேட்டேன். ஒரு ஆணி அடிச்சாலே சண்டைக்கு வர்ற மனுஷன்.

"உன் சம்சாரத்துக்கு ஜனவரியிலேயே சரின்னு சொல்லியாச்சேப்பா"ன்னார். "மொதல்ல ஆகல்ல, முடியாதுன்னேன். மூணு நாள் வந்து நின்னா அந்தப் பொண்ணு. மூணாவது நாள் ஒரு குக்கரும் வாங்கினா. ஆய்து தாயி, சரி, கழட்டிக்கோ, எம் பாத்திரத்து மேல மட்டும் போட்டுடாதேன்னேன். உங்கிட்ட சொல்லலியா?"

சொல்லல. சொல்லியிருப்பாளோ? நான்தான் அந்தச் சமயத்துல எந்நேரமும் நாசில், இங்க்குன்னு பேசிட்டிருந்தேன். சொல்ல இடம் குடுத்தேனா?

குக்கர் வீட்டுல இருக்கு. பழசு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இன்னொண்ணுன்னு கத்தினேன். அவ அதை அலமாரியில எடுத்து வச்சா.

மேல வந்து டேப் போட்டேன். கதவு முப்பத்தொண்ணு. ஜன்னல் அறுபத்திரெண்டு. ரெண்டையும் அவ எழுதின சாண் கணக்கால வகுத்தேன். ஏழே முக்கால், ஏழே முக்கால். படி திருப்பத்துல மட்டும் கால் இஞ்ச் பிசகு.

ஏழே முக்கால் இஞ்ச். அவ கை.

மூணு வருஷம் பிடிச்சுக்கிட்டு நடந்த கை. அளவு இன்னைக்குத்தான் தெரியுது. கட்டை விரல்லேருந்து சுண்டு விரல் வரைக்கும் ஜன்னல் கட்டையில எட்டு தடவை வச்சு வச்சு நகர்ந்திருக்கா. நானும் என் கையை அங்க வச்சேன்.

அப்பத்தான் வந்துச்சு. எவ்வளவு நேரம்னு தெரியல. மச்சான் கதவைச் சாத்திட்டு வெளியில நின்னுட்டார்.

11 ஏப்ரல், சனி

மஞ்சுநாத்துக்குப் போன். "பெரிசுதான். ஜன்னல் வழியா ஏத்திக்கறோம்."

அப்புறம் சொன்னேன்: "மேடம் இல்லீங்க. பிப்ரவரியில தவறிட்டாங்க."

அன்னைக்கே அவன்கிட்ட சொல்லியிருக்கணும்.

24 ஏப்ரல், வெள்ளி

கம்பி கழட்டி, கனம் தூக்குற செயின் பிளாக் கட்டி, ஏழு பேர். கீழ நஞ்சுண்டசாமி குடங்களையெல்லாம் உள்ள இழுத்துட்டு, "நிதானா! நிதானா!"ன்னு ரோடே கேக்குற மாதிரி கத்தறார். பெட்டி நீளவாக்குல நேரா உள்ள வந்துச்சு. ரெண்டு பக்கமும் இடம் மிச்சம்.

18 மே, திங்கள்

மாதா கோயில் பஜனைக் குழுவுக்கு மேடைத் திரை. கான்வாஸ், முழு அகலம், ஒட்டு இல்லாம. மச்சான் மாதா முகத்துல விரலை ஓட்டி ஓட்டிப் பாத்தார்.

போன வாரம் மிஞ்சின ஃபிரேம் கட்டையில ஒரு துண்டு அறுத்து, தேச்சு, மேசை மேல வச்சிருந்தேன். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. இன்னைக்குத் திரையை வெட்டணும், வழக்கம் போல டேப்பைக் காணோம். மச்சான் அந்தக் கட்டையை எடுத்தார்.

"இது எத்தனை இஞ்ச் மாப்ள?"

"ஏழே முக்கால்."

உள்ளங்கையில வச்சுப் பாத்தார். விரலை விரிச்சார். அவர் கைக்கு அது பத்தல.

அப்புறம் ஸ்டூல் மேல இருந்த வினைல் ரோலை எடுத்துக் கீழ வச்சுட்டு, கட்டையைக் கான்வாஸ் மேல வச்சு வச்சு எண்ண ஆரம்பிச்சார். ஒண்ணு. ரெண்டு. மூணு.

நான் கத்தரிக்கோலைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே போனேன்.