வள்ளத்தில் அவள் இருந்த பலகை

சிவமயம்

அச்சுவேலி
1938 பங்குனி

மலாயா சிரம்பானில் இருக்கும் என் அருமை மகள் பாலேஸ்வரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. உன்னையும் மருமகன் பஞ்சலிங்கத்தையும் குழந்தையையும் பிள்ளையார் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் கும்பிடுகிறேன். நாங்கள் இங்கு சுகம் என்று எழுதிப் பழகிய கை இன்றைக்கும் அப்படியே எழுதப் போயிற்று. நிறுத்திவிட்டேன். நான் இருக்கிறேன் மகள், அவ்வளவுதான். அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கீரிமலையில் முறைப்படி முடிந்தது. எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லாதபடியால் கதிரவேலுப் பெரியப்பாவின் மூத்தவன்தான் கொள்ளி வைத்தான், அந்தியேட்டிக்கும் அவனே இருந்தான். பெரியப்பா சாப்பாட்டிலிருந்து ஐயர்மாருக்குத் தானம் வரையில் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு செய்தார், அவருக்கு ஒரு கடிதம் போடு. செவலைப் பசு நாகு கன்று போட்டிருக்கிறது. அம்மா நட்ட கறுத்தக்கொழும்பான் மாமரம் முதன்முதலாகப் பூத்து நிற்கிறது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அழுகைதான் வருகிறது.

உன் கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தாய். அம்மாவுக்கு இவ்வளவு நோய்வருத்தம் இருந்ததை எனக்கு ஏன் ஒளித்தீர்கள், ஒரு வரி எழுதியிருந்தால் அடுத்த கப்பலில் வந்து முகத்தையாவது பார்த்திருப்பேனே என்று. அந்த இடத்தில் மை ஊறிப் போயிருந்தது, நீ அழுதுகொண்டு எழுதினாய் என்று தெரிந்தது. மகள், நான் உனக்கு ஒளிக்கவில்லை. எனக்கே தெரியாது. ஒரே வீட்டில் இருந்து ஒரே பானையில் சாப்பிட்டவனுக்குத் தெரியாது என்று சொன்னால் நீ நம்புவாயோ என்னவோ. எப்படித் தெரியாமல் போனது என்பதை எனக்கும் இப்போதுதான் ஒருவர் சொன்னார். அதை உனக்கு எழுதத்தான் இந்தக் கடிதம்.

என் வலது காலில் இரண்டு விரலை எடுத்த கதை உனக்குத் தெரியும். நீரிழிவுக்காரனுக்குப் புண் ஆறாது, இனி நின்று வேலை செய்யக்கூடாது என்று டாக்குத்தர் சொன்னதும் நான் மூலையில் படுத்துவிட்டேன். மலாயா ரயில்வேயில் பென்சன் எடுத்து ஊருக்கு வந்து, ஆசைக்கு ஒரு வள்ளம் வாங்கித் தொண்டைமானாற்றில் கோல் ஊன்றி விட்டுக்கொண்டு திரிந்தவன், இனி அதை யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்றிருந்தேன். அப்போது அம்மாதான், "விரல் போனால் என்ன, வள்ளத்துக்கு விரலே வேணும்? கை கிடக்குத்தானே. நீங்கள் முன்னுக்கு இருந்து துடுப்பைப் போடுங்கோ, சுக்கானை நான் பிடிக்கிறன்" என்றாள். சிரம்பான் ஸ்டேஷனில் ரயில் நகரும்போது பயந்து என் சட்டையைப் பிடித்த பெண்பிள்ளை அவள். ஒரு கிழமையில் சுக்கான் பிடிக்கப் பழகிவிட்டாள். பிறகு என் நெஞ்சு பழுது என்றார்கள், உப்பையும் உறைப்பையும் நிறுத்தினார்கள், அதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாள். பெரியப்பா மட்டும், "உத்தியோகம் பார்த்த மனிசன் பெண்சாதியை ஏத்திக்கொண்டு வள்ளம் விடுறான், சனம் சிரிக்குது" என்று வந்து சத்தம் போட்டார். "சிரிக்கட்டும் அத்தான், நாங்களும் சிரிச்சுக்கொண்டுதானே போறம்" என்று அம்மா அவருக்குத் தேத்தண்ணியை நீட்டினாள். மாரியில் ஆறு நிரம்பிவிட்டால் பின்னேரந்தோறும் போவோம். நான் முன்பலகையில், அவள் பின்பலகையில். தெருவில் நடந்தாலும் அவள் எனக்குப் பின்னால்தானே வருவாள், நம்மூர்ப் பெண்களின் வழக்கம் அது, வள்ளத்திலும் அது அப்படியே அமைந்துவிட்டது. நான் துடுப்பைப் போட்டபடி கம்மாஸ், தம்பின் ஸ்டேஷன் கதைகளை எல்லாம் சொல்லிக்கொண்டு போவேன். பின்னாலிருந்து "ஓம், ஓம்" என்பாள், சில இடங்களில் சிரிப்பாள். எனக்கு அதைவிட என்ன வேண்டும் மகள். உத்தியோகத்தில் இருந்த காலத்தில் அப்படி ஒரு சந்தோஷம் நான் கண்டதில்லை.

ஐப்பசியில் அவளுக்கு வயிற்றுக்குத்து என்று மிஷன் ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெண்களுக்கான ஆசுப்பத்திரி, ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். நான் வெளியே வேப்பமரத்தின் கீழ் இருந்தேன். வெளியே வந்தவள், "வாய்வுக் குத்தாம், பயறும் பலாக்கொட்டையும் தின்ன வேண்டாமாம்" என்று சிரித்தாள். நானும் சுக்கும் ஓமமும் வாங்கிக்கொண்டு வந்தேன். மார்கழி முழுக்க வள்ளத்துக்கு வந்தாள். மெலிந்துகொண்டு வந்தாள் என்பதைக் கண்டேன், கேட்டால் திருவெம்பாவைக்கு ஒருநேரச் சாப்பாடு என்பாள். மாசி பிறந்து ஒரு காலையில் எழும்ப முடியாமல் கிடந்தாள். வண்டி கட்டிக்கொண்டு அதே ஆசுப்பத்திரிக்கு ஓடினோம். அந்த டாக்குத்தர் அம்மா என்னைத் திண்ணைப் பக்கம் கூப்பிட்டு, வயிற்றில் கட்டி, வெட்டியெடுக்கும் நிலை எப்போதோ கடந்துவிட்டது, இதை ஐப்பசியிலேயே உங்கள் மனைவியிடம் சொன்னேனே என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்த பின், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்கடை நெஞ்சும் பழுது. தெரிஞ்சால் வள்ளத்தை விட்டிட்டுக் குந்தியிருந்து அழுவியள். அந்த ஆத்துக் காத்திலைதான் எனக்கு நோவு கொஞ்சம் மறக்கிறது. அதையும் ஏன் கெடுப்பான்" என்றாள். உனக்கு எழுதட்டோ என்றதற்கு, பிள்ளை கைக்குழந்தையோடு கடலில் அலைய வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். நான் மறைவாக எழுதி முடிக்கும் முன்னரே அவள் போய்விட்டாள், அதனால்தான் தந்தி முந்தியது.

அந்தியேட்டி முடிந்த பின் வீட்டில் இருக்க முடியவில்லை. பெரியப்பா தடுத்தும் கேளாமல் வண்டியில் ஆற்றுக்குப் போய் வள்ளத்தில் ஏறி என் இடத்தில் இருந்து துடுப்பைப் போட்டேன். வள்ளம் நேரே போகவில்லை. சுக்கானைப் பிடிக்க ஆளில்லை, முன்னுக்கு இருந்து ஒரு பக்கம் வலித்தால் அது சுற்றத்தானே செய்யும். சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நின்றேன். கரையில் செபநாயகம் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். பென்சன் எடுத்த பின் பின்னேரங்களில் ஆற்றங்கரையில் உலாத்துகிறவர், சின்னதில் நீ ஊரில் இருந்தபோது உனக்கு எழுத்துத் தொடக்கிய அதே வேதக்கார மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்தான். அவர் வேட்டியோடு தண்ணீரில் இறங்கி வந்து வள்ளத்தைப் பிடித்தார். "மார்க்கண்டர், பின்னுக்குப் போய் இரும்" என்றார். அது அவளின் இடம், நான் இருக்கமாட்டேன் என்றேன். அதற்கு அவர் சொன்னார்: "கோவிக்காதையும். நான் கரையிலை நடக்கேக்கை எத்தினையோ தரம் கண்டனான். நீர் முன்னுக்கு இருந்து கதை சொல்லிக்கொண்டு போவீர். தங்கச்சி ஒரு கையாலை சுக்கானைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையாலை வயித்தைப் பொத்திக்கொண்டு குனிஞ்சு கிடப்பா. சீலைத் தலைப்பை வாயிலை வைச்சுக் கடிச்சுக்கொண்டிருப்பா. நீர் ஏதும் கேட்டால் தலைப்பை எடுத்துப்போட்டு ஓம் எண்டுவா. ஒருநாள் உம்மைக் கூப்பிட வாயெடுத்தனான். அவ என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டா, சொல்லவேண்டாம் எண்டு. கும்பிட்டுக் கேட்ட பிள்ளையின்ரை சொல்லை நான் என்னெண்டு மீறுறது?"

மகள், நான் எழும்பிப் பின்பலகையில் போய் இருந்தேன். வாத்தியார் முன்பலகையில் ஏறித் துடுப்பை எடுத்தார். அங்கிருந்து பார்த்தால் முன்னால் இருப்பவரின் முதுகு மட்டுந்தான் தெரிகிறது. இத்தனை மாரியாக அவள் பார்த்துக்கொண்டு வந்தது என் முதுகைத்தான். ஒருதரமாவது திரும்பிப் பார்த்திருந்தால் அவள் முகம் எனக்குச் சொல்லியிருக்கும். நான் வாய்விட்டு அழப்போனேன். வாத்தியாருக்கு அது தெரியவில்லை, என்னைத் தேற்றுகிறோம் என்று பள்ளிக்கூடத்துப் பழைய கதை ஒன்றைத் தொடங்கிவிட்டார். நல்ல மனிதர், வயதானவர், அவர் மனம் நோகக்கூடாது என்று சால்வையை வாயில் வைத்துக் கடித்தேன். அவர் ஏதோ கேட்டார். சால்வையை எடுத்துவிட்டு, "ஓம், ஓம்" என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே விளங்கிற்று.

நான் வள்ளத்தை விடமாட்டேன், பயப்படாதே. விட்டால் அவள் பொறுக்கமாட்டாள். கால்புண் காய்ந்துவிட்டது, மருந்து ஒழுங்காக எடுக்கிறேன், வாத்தியாரும் நானும் இடம் மாறி மாறி இருந்து போகிறோம். நீ குழந்தைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடு. உன் காய்ச்சலைப் பற்றி இப்போது ஒன்றுமில்லை அப்பா என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சொல்லை இனி நான் நம்பமாட்டேன், உள்ளதை உள்ளபடி எழுது. பிள்ளையார் துணையால் நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் வாழவேண்டும். ஒன்றை மட்டும் மறவாதே. நீங்கள் வெளியே போகும்போது மருமகன் முன்னே, நீ பின்னே என்று நடக்கவேண்டாம், அது அம்மாவைப் பார்த்து நீ பழகிய நடை. பக்கத்தில் நட மகள். உன் முகம் அவருக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடியே இருக்கும் அப்பா,
வே. மார்க்கண்டு