என் சாம்பிள்தானா?

மே 12, திங்கள்
காலையிலேயே அனல். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். சொட்டு மருந்து நாலு வேளை. பீங்கான் பொம்மைக்குச் சாயம் அடிக்கும் வேலைக்கு ஒரு மாதம் போகக் கூடாது. "ஒத்தக் கண்ணால அடிச்சிக்கிறேன், வுடு" என்கிறாள்.

அவளுக்காக லீவு போட்டு ஊரில் இருக்கிறேன். அங்கே லேபில் என் புரதம். மூளை நோயில் கட்டிதட்டும் வகை. எட்டு மாத உழைப்பு, ஒரு சின்னப் பீங்கான் குழாய்க்குள், காந்தத்தின் நடுவே சுழன்றுகொண்டு. அந்த என்.எம்.ஆர். மெஷின் வெள்ளி மாலைவரை எனக்கு. ஜூனியர் செந்தில் பார்த்துக்கொள்கிறான்.

"நம்ம ஊருல செஞ்ச கொழாயா?"
"இல்லம்மா, வெளிநாடு."
"அதான பாத்தேன்."

மே 13, செவ்வாய்
செந்திலிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம், மெஷின் வரைந்த கோடு. ஒரு வார்த்தை இல்லை. சிகரங்கள் ஊசி ஊசியாக. கெட்டியான புரதத்துக்கு இவ்வளவு கூர்மை வராது. எண்ணிக்கையும் குறைவு.

1. குழாய் மாறிவிட்டது.
2. மாற்றிவிட்டான். தன் சாம்பிளை என் நேரத்தில் ஓட்டுகிறான்.

போன வருஷம் என் படத்தைக் கேட்காமல் தன் கருத்தரங்கு போஸ்டரில் போட்டவன். இரண்டாவதுதான்.

போன் செய்யவில்லை. உஷாராகிவிடுவான். நேராக எங்கள் கைடு மேடத்துக்கு மெயில்.

மே 14, புதன்
மேடம் பதில் இல்லை. அவரும் உடந்தையோ?

"போன மொறச்சி மொறச்சி பாக்குறியே, யாரு?"
"கூட வேல செய்யறவன். ஏமாத்துறாம்மா."
"பாத்தியா நீ?"
"படத்தப் பாத்தேன்."
"படத்தத்தான பாத்த?"

எரிச்சல். மதியச் சொட்டு அரை மணி தாமதம்.

மே 15, வியாழன்
மேடம் என் மெயிலை அப்படியே செந்திலுக்கு அனுப்பிவிட்டார். பத்து நிமிடத்தில் அவனிடமிருந்து முழு ஃபைல். திறந்தேன்.

குழாய் எண் என்னுடையதுதான். சோதனைதான் வேறு. அசையும் பகுதிகளை மட்டும் காட்டுவது. அதனால்தான் கூர்மை, அதனால்தான் குறைவு. கட்டிக்குள் மாட்டாமல் புரதத்தின் வால் மட்டும் தனியே ஆடிக்கொண்டிருக்கிறது! எட்டு மாதமாக நான் தேடியது. பாதி சந்தோஷம், பாதி வெட்கம்.

போன் செய்தேன்.
"சாரி செந்தில்."
"நீங்களே கண்டுபுடிக்கட்டும்னுதான் படத்த மட்டும் அனுப்புனேன்க்கா. ஒரு போன் பண்ணியிருக்கலாமே."
"அந்தப் போஸ்டர் விஷயம் மனசுல..."
"அதுக்கு அன்னிக்கே என்னத் திட்டியிருக்கணும்."
போனை வைக்கும் முன், "கொழாயக் கழட்டி ஃப்ரிட்ஜுல வச்சிட்டேன்க்கா. இனிமே உங்க சாம்பிள நான் தொடமாட்டேன்."

மேடத்துக்கு மூன்று வரி. தவறு என்னுடையது. செந்தில் செய்தது சரி. அந்த வாலைக் கண்டவன் அவன். செந்திலுக்கும் நகல்.

"கெளம்பணும்னா கெளம்பு. சொட்டு நானே வுட்டுக்கிறேன்" என்றாள் அம்மா. போகவில்லை. நாளை மாலைவரை என் நேரம்; ஓட்ட ஆளில்லாமல் மெஷின் காலியாகக் கிடக்கும்.