ஆடும் பெஞ்சு

நம் பிரிக்பீல்ட்ஸ் பள்ளிக்கூடத்துப் பின்வரிசை பெஞ்சு இன்றும் ஆடியது. புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியர், ஆசாரியைக் கூப்பிடலாமே என்றார். வேண்டாம் ஐயா, அப்படியே இருக்கட்டும் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீ இருந்திருந்தால், தோழி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய்.

அஞ்சலையை நினைவிருக்கிறதா? யார் பார்த்தாலும் வாய் திறக்காத பெண். அவள் அப்பா ரயில்வேயில் தச்சர். ஒருநாள் வந்து, "இவ ஒரு வரி படிச்சு நான் கேட்டதில்ல டீச்சரம்மா. வெள்ளிக்கெழம வரேன். எம் முன்னால படிக்கலன்னா வீட்டுல இருந்து தம்பியப் பாத்துக்கட்டும்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உனக்கோ அது ஒரு விடுகதை. "நான் பின்னால உக்காந்து பாக்குறேன்டி" என்றாய்.

நீ வந்து உட்கார்ந்ததும் வகுப்பே மாறிப்போனது. வாலுப் பிள்ளைகள் முதுகை நிமிர்த்தினார்கள். என் பேச்சில்கூடத் தேன் ஒழுகியது. "இந்தக் குரல எந்தப் பாசார்ல வாங்குன?" என்று பிறகு கேலி செய்தாய். அஞ்சலை மட்டும் இன்னும் சுருங்கிப்போனாள். மறுநாள் பிள்ளைகளைச் சிலேட்டில் எழுதவிட்டு, என்னைக் கரும்பலகைப் பக்கம் திரும்பச் சொன்னாய். நீயும் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டுத் தையலை எடுத்துக்கொண்டாய். நம் முதுகுக்குப் பின்னால் அஞ்சலையின் மெல்லிய குரல் பாடத்தைப் படித்தது.

வெள்ளிக்கிழமை அவள் அப்பா கருவிப் பெட்டியோடு வந்தார். நீ முந்திக்கொண்டு, "அண்ணே, இந்தப் பெஞ்சு ஆடுது, கொஞ்சம் பாருங்களேன்" என்றாய். அவர் குனிந்து தட்டத் தொடங்கினார். அஞ்சலை படிக்க ஆரம்பித்தாள். சுத்தியல் நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தால் எல்லாம் போச்சு. அவர் நிமிரவில்லை. மறுபடி மெதுவாகத் தட்ட ஆரம்பித்து, அவள் பாடத்தை முடிக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தார். "திங்கக்கெழமயும் வருவா" என்று தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை பெஞ்சு பழையபடியே ஆடியது. "ரயில் பெட்டிக்கே வேலை செய்யுற மனுசனுக்கு ஒரு பெஞ்சுக்கால் முடியலையா?" என்று நீ குனிந்து பார்த்தாய். ஒரு புது ஆணிகூட இல்லை. நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நீ கண்மூடி ஒரு வருடம் ஆகப் போகிறது. சன்னலோரத்து உன் நாற்காலி அப்படியே இருக்கிறது. இன்று ஒரு சின்னப் பெண் படிக்க எழுந்து, வார்த்தை வராமல் நின்றாள். நான் போய் அந்தப் பெஞ்சுக்கு அருகில் மண்டியிட்டு, காலைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்டது.