துடைத்த துணிகள்

7 ஜூலை 2025, திங்கள்

புதுப் பருவத்தின் முதல் வகுப்பு. "சுற்றுச்சூழல் புத்தாக்கமும் நீடித்த வளர்ச்சியும்" என்று பாடத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். விருப்பப் பாடம் என்று பெயர்தான். வேறு பாடங்களில் இடம் கிடைக்காதவர்கள்தான் இங்கே வந்து உட்காருகிறார்கள். உட்காரட்டும். எழுந்து போகவிடாமல் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும்.

துறைத்தலைவர் டென்னிஸ் சார் கூப்பிட்டு அனுப்பினார். "பசங்க உருப்படியா ஏதாவது செஞ்சு செப்டம்பர்ல பாடத்திட்டக் குழுவுக்குக் காட்டணும், செல்வி மேடம். இல்லைன்னா அடுத்த வருஷம் இந்தப் பேப்பர் கிடையாது." சரி என்றேன். அடம்பிடித்து இந்தப் பாடத்தைக் கொண்டுவந்தவளே நான்தான். அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவேனா?

10 ஜூலை

புத்தகத்தில் டென்மார்க் காற்றாலை. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கி. புத்தகத்தை மூடச் சொன்னேன். "உங்க வீட்டு மாடியில தினமும் எவ்வளவு தூசி விழுது? எங்கேருந்து வருது?" ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆப் ஒன்று செய்யலாம் என்றான் பின்பெஞ்சுப் பாரி. அதற்குள் எதைப் போடுவாய் என்றேன். கடைசியில் நான் சொன்னதுதான் முடிவானது. வாஸ்லைன் களிம்பு தடவிய எவர்சில்வர் தட்டு, ஆளுக்கொன்று, மொட்டை மாடியில் ஒரு வாரம். விழும் தூசி ஒட்டிக்கொள்ளும், அளந்துவிடலாம். என்னை நானே மெச்சிக்கொண்டு வீடு வந்தேன்.

18 ஜூலை

தட்டுகள் வந்தன. அத்தனையும் பளபள. எழில்மொழி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கரிக் கிடங்கை ஒட்டிய தெருவில் வீடு, வகுப்பிலேயே கெட்டிக்காரி. "அம்மா கழுவிட்டாங்க மேம்." எல்லா அம்மாக்களும் கழுவியிருக்கிறார்கள். அவள் அம்மா கன்னியம்மாவிடம் போனில் பேசினேன்.

"தட்டு கலீஜா கீது, நான் பாத்துகினு சும்மா குந்திகினு இருக்கணுமா டீச்சரம்மா? பிசுக்கு வேற. ரெண்டு தபா தேய்ச்சேன்."

ச்சே, ஒரு வாரம் போச்சு. எதுக்கு இப்படி எதைப் பாத்தாலும் கழுவுறாங்க? — கேட்டு முடிக்கும்போதே பதில் உறைக்கிறது. விழுந்துகொண்டே இருப்பதால்தான். ராயபுரத்தில் என் வீட்டு ஜன்னல் கட்டையைத் துடைக்காமல் நான் ஒருநாளாவது காபி குடித்திருக்கிறேனா?

21 ஜூலை

கழுவாதீர்கள் என்று அம்மாக்களிடம் சொல்வது நடக்காத காரியம். சரி, துடைக்கட்டும். ஆனால் நம் துணியால். தினமும் காலையில் ஒரே ஜன்னல் கட்டையை ஒரு வெள்ளைத் துண்டால் துடைத்து, கழுவாமல் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். மூலையில் தேதி.

அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்துக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து வந்த அப்பா பார்த்துவிட்டு, "உடுத்துறதுக்கு ஒண்ணாவது மிச்சம் வையி தாயி" என்றார்.

11 ஆகஸ்ட்

துணிகள் குவிகின்றன. சடையங்குப்பத்திலிருந்து வருவது பழுப்பு. எழில்மொழி தெரு கறுப்பு. என்னுடையதும் கறுப்புதான். பாரி ஒவ்வொன்றையும் படமெடுத்து எவ்வளவு கறுப்பு என்று கணக்கிடுகிறான். அவன் ஆப்புக்குள் போட இப்போது சரக்கு இருக்கிறது. 'நீடித்த' என்ற சொல்லுக்கு இன்று விளக்கமே சொல்லவில்லை. தினமும் அலுக்காமல் செய்ய முடிவது என்று முன்பெஞ்சு மெஹ்னாஸே சொல்லிவிட்டாள்.

22 ஆகஸ்ட்

குழு பார்க்கும்படி, பேரும் தெருவும் எழுதி, கல்லூரிக் கூடத்துச் சுவரில் துணிகளை மாட்டப்போவதாகப் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். கன்னியம்மா கல்லூரிக்கே வந்துவிட்டார். பின்னால் இன்னும் சில அம்மாக்கள்.

"என் வூட்டு அழுக்க எட்தாந்து பெரிய மன்ஷங்க எதுர்க்க மாட்டப்போறியா? நாளிக்கு என் பொண்ணக் கேட்டு வர்றவன் இன்னா சொல்வான்? கலீஜு குடும்பம்னு தானே? குடு, தோச்சு எட்தாறேன்."

அறிவியல் பேசிப் பார்த்தேன். அசையவில்லை. மாட்ட மாட்டேன், கழுவ மட்டும் வேண்டாம் என்று கெஞ்சி அனுப்பினேன். துணி இல்லாமல் குழுவிடம் எதைக் காட்டுவது? ஆனால் மாட்டலாமா என்று அவர்களிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கிறது.

25 ஆகஸ்ட்

என் வீட்டுத் துணிகளை முதலில் மாட்டினேன். மேலே கொட்டை எழுத்தில் "ராமசெல்வி, ராயபுரம், படுக்கையறை ஜன்னல்." கன்னியம்மாவை வரச்சொல்லிக் காட்டினேன். முகத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இன்னா டீச்சரம்மா, எங்க வூட்டுக்கு மேல கீது?"

"தினமும் துடைக்கிறேன்க்கா."

"அது தெர்து. தொடச்சாதானே துணி இப்டி ஆவும்." மேலே இருந்த என் பெயரை அண்ணாந்து பார்த்தார். "சரி, என்துதையும் மாட்டு. பேரு பெர்சா எய்து."

மற்றவர்களும் சம்மதித்தார்கள். மதியம் இரண்டு சாப்பாடு சாப்பிட்டேன்.

15 செப்டம்பர்

எழில்மொழி கொண்டுவந்த துணிகளில் சில வெள்ளைவெளேர். கழுவிட்டாங்களா என்று கேட்டேன். இல்லை மேம், கரி கொண்டுபோகும் பெல்ட் அறுந்து கிடங்கில் நாலு நாளாக வேலை இல்லை என்றாள். ஓடிப்போய் மற்றவற்றைப் பார்த்தேன். அந்த நாலு நாளும் அவள் தெருத் துணிகள் முழுக்க வெள்ளை. அதே தேதிகளில் என் துணி வழக்கம்போல் கறுப்பு. எங்கிருந்து வருது என்று ஜூலையில் கேட்டேனே, அவர்கள் தெருவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. நின்ற இடத்திலேயே எழில்மொழியைக் கட்டிக்கொண்டேன்.

19 செப்டம்பர்

குழு வந்தது. கறுப்புத் துணிகளைப் பார்த்துக்கொண்டே வந்த டென்னிஸ் சார் வெள்ளை வரிசையில் நின்றார். "இதை மட்டும் கழுவி மாட்டிட்டீங்களே?"

நான் வாயெடுப்பதற்குள் மற்ற அம்மாக்களோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கன்னியம்மா எழுந்தார். "தோச்சது இல்ல சாரு. தொடச்சது. கெடங்கு மூடிகீற அன்னிக்கு தொடச்சது."

டென்னிஸ் சார் திரும்பித் தேதிகளைப் படித்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

26 செப்டம்பர்

கிடங்கு ஓடுகிறது. துணி தீர்ந்துபோச்சு, இன்னும் குடு என்று கன்னியம்மா காலையிலேயே போன். வீட்டில் கிழிக்க வேட்டி இல்லை.

மதியம் டென்னிஸ் சார் என் அறைக்கு வந்தார். கையில் மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. ஈஸ்டருக்கு எடுத்ததாம், கட்டவே இல்லையாம். மேசைமேல் வைத்தார்.

"அடுத்த வருஷப் பசங்களுக்குக் கிழிச்சு வைங்க, மேடம்."