இரண்டே நிமிடத்தில் போன பச்சைக் கோடு

மார்ச் 4, செவ்வாய்

பேட்டரியில் பிரஷ் சுழலும் இந்த ஸ்க்ரப்பர் வந்த பிறகு மணிக்கட்டு வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. ஒயரை இழுத்துக்கொண்டு காரைச் சுற்றி வர வேண்டாம். டயருக்கு முரட்டு பிரஷ், சீட்டுக்கு மெல்லியது, பெயிண்ட்டுக்கு ஸ்பாஞ்சு. இத்தனை வருஷம் கையால் தேய்த்துத் தேய்த்து என்னத்தைக் கண்டேன்?

என் கார் கழுவும் கடையைத் திறக்கும் முன்பே அண்ணன் காரோடு வந்து நின்றான். ஒரு வாளித் தண்ணீரில் முடிகிற வேலைக்கு ஒரு கடையா என்று கேலி பண்ணுகிறவன். பம்பர் ஓரத்தில், வெள்ளைப் பெயிண்ட் மேல், ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைக் கோடு. ஆபீஸ் பார்க்கிங் கம்பத்தில் உரசிவிட்டானாம். பாலிஷ் தடவி ஸ்பாஞ்சைச் சுழலவிட்டேன். இரண்டே நிமிடம், போன இடம் தெரியவில்லை. வழக்கம்போல துடைக்கும் முன் ஒன்று, துடைத்த பின் ஒன்று என்று படம் எடுத்து, கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டேன். நாற்பது லைக்.

மார்ச் 5, புதன்

பக்கத்துக் கடைத் தையல்காரம்மா நேற்று ஏன் வரவில்லை என்று இன்றுதான் தெரிந்தது. திங்கள் மாலை, சைக்கிளில் வந்த அவள் வீட்டுக்காரரை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. இடுப்பெலும்பு முறிவு, தலையிலும் அடி. இன்னும் கண் திறக்கவில்லை. வெள்ளைக் கார் என்று மட்டும்தான் பார்த்தவர்கள் சொல்கிறார்களாம். ஊரில் வெள்ளைக் காருக்கா பஞ்சம் என்று நானே சொன்னேன்.

நசுங்கிய சைக்கிளை அவள் கடை வாசலில் சாத்தி வைத்திருந்தார்கள். பச்சை.

இல்லை. உலகத்தில் ஒரே ஒரு பச்சைதானா இருக்கிறது?

மார்ச் 6, வியாழன்

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சைக்கிள் மட்கார்டில் குனிந்து பார்த்தேன். அதில் வெள்ளைக் கோடு.

நான்தானே துடைச்சேன் — என் கையால — அதைப் படம் வேற எடுத்துப் போட்டேனே —

மார்ச் 7, வெள்ளி

அண்ணன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். இல்லை என்று சாதிப்பான், சண்டை போடலாம் என்று தயாராகப் போயிருந்தேன். அவன் டிவியைக்கூட நிறுத்தவில்லை.

“அதான் நீயே துடைச்சிட்டியே. அந்தப் படத்தையும் எடுத்துடு.”

தெரிந்தே என்னிடம் கொண்டுவந்திருக்கிறான். ஊரில் வேறு கடையா இல்லை? தங்கச்சி கேள்வி கேட்க மாட்டாள் என்ற தைரியம்.

அண்ணி பிள்ளைகள் இரண்டையும் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியது. திரும்பும் வழியில் கடைப் பக்கத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டேன். போனில் இன்னும் இருக்கிறது. அதை அழிக்க விரல் போகவில்லை.

மார்ச் 8, சனி

கடை திறக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். படம், எடுத்த தேதி, வண்டி எண், அவன் சொன்னது, நான் செய்தது எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர், “கார் ஓனர் உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். கூடப் பிறந்த அண்ணன் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

மார்ச் 14, வெள்ளி

அண்ணனை நேற்றுக் கூட்டிப்போய்விட்டார்கள். அம்மா என் போனை எடுப்பதில்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அடிபட்டவர் கண் திறந்துவிட்டாராம். தையல்காரம்மா வராந்தா பெஞ்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒரு புண்ணியவான் படம் கொடுத்ததால்தான் ஆள் சிக்கினான் என்றாள். அப்படியே தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம்.

“இடிச்சது என் அண்ணன். அந்தக் கறையைத் துடைச்சது நான்” என்றேன்.

கையை எடுத்துக்கொண்டாள். ஆனால் எழுந்து போகவில்லை. நானும் உட்கார்ந்தே இருந்தேன்.