கசப்புத் தாள்

மைசூரு,
6 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் முனிலட்சுமி. போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. இனி கடிதம்தான். திட்டுவதென்றாலும் தபால் தலை ஒட்டித் திட்டுங்கள்.

உறைக்குள் அ, ஆ என்று எழுதிய இரண்டு தாள் துண்டுகள் இருக்கின்றன. என் மானிடவியல் புராஜெக்டுக்கு. முதலில் அ தாளை நாக்கில் வையுங்கள். வாய் கொப்பளித்துவிட்டு ஆ. எது கசந்தது, எது கசக்கவில்லை என்று எழுதுங்கள். சிலருக்குக் கசப்பே தெரியாது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று வரும் மரபணுவில் இருக்கிறது சூட்சுமம். விஷக் காயைக் கடித்ததும் துப்பியவர்கள் பிழைத்தார்கள், அவர்கள் வழியில் கசப்பறியும் நாக்கு வந்தது என்கிறார்கள். அப்படியானால் கசப்பு தெரியாதவர்கள் ஏன் இன்னும் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று என்னோடு படிக்கும் ரோஷன் கேட்டான். புரொஃபசரே யோசித்தார். எங்கள் வகுப்பில் எனக்கும் ரோஷனுக்கும்தான் முகம் சுளித்துப்போனது. மற்றவர்கள் சும்மா மென்றார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு படிக்கிறேன் என்றபோது பஸ் ஏற்றிவிட்டவர் நீங்கள். இதையும் செய்வீர்கள். நம் பொண்ணு காவியா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

அன்புடன்,
முனி

கல்லாவி,
13 பிப்ரவரி 2025

அன்புள்ள முனிக்கு,

ஹரீஷ்குமார் எழுதுவது. காவியா சாப்பிடுகிறாள். எனக்குத்தான் இறங்கவில்லை. போச்சம்பள்ளிக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும்போது ஸ்ரீராம் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கூட்டுக்காரம்மாவ ஓசூர் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். ஒரு பையன் அவங்க பையைத் தூக்கினு கூடவே போனான்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். ரோஷன் ஓசூர்க்காரன் என்று நீ சொன்னாய், ஒரே பஸ்ஸில் வருவீர்கள் என்று சொல்லவில்லையே.

கடிதத்திலும் அவன் பெயர்தான். அவன் கேட்ட கேள்வி, அவன் சுளித்த முகம். நான் என்ன கேட்டேன் என்று யாருக்காவது எழுதியிருக்கிறாயா?

தாள் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். அ கசந்தது. ஆ அதைவிடக் கசந்தது. தண்ணீர் குடித்தும் போகவில்லை. ரோஷனைவிட எனக்கு அதிகம் கசந்ததாகவே எழுதிக்கொள்.

ஏப்ரலில் நீலகிரிக்கு ஃபீல்டு வொர்க் என்றாயே, அவன் வருகிறான் என்றால் நீ போக வேண்டாம்.

ஹரீஷ்

மைசூரு,
21 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அ வெறும் தாள். கசப்பு மருந்து தடவியது ஆ-வில் மட்டும்தான்.

எல்லோருக்கும் அப்படித்தான் கொடுப்போம், முன்கூட்டிச் சொல்லமாட்டோம். வெறும் தாளே கசக்கிறது என்பவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். எடுக்கும்போது அழுகை வந்தது, கோபமும் வந்தது.

பை தூக்கினான், ஆமாம். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். உங்களிடம் சொன்னால் படித்தது போதும், வந்துவிடு என்பீர்கள் என்று சொல்லவில்லை. வெறும் தாளில் கசப்பு கண்டவருக்கு நான் இன்னும் எதைக் கொடுத்து நிரூபிப்பது?

ஃபீல்டு வொர்க் போகாவிட்டால் பட்டம் இல்லை. அதனால் போகிறேன். ஆனால் உங்கள் வாயால் போய் வா என்று கேட்டுவிட்டுப் போக ஆசை. அது இல்லாமல் போனால், திரும்பி வரும்போது எந்த முகத்தோடு கல்லாவியில் இறங்குவேன் என்று தெரியவில்லை.

முனி

கல்லாவி,
3 மார்ச் 2025

அன்புள்ள முனிக்கு,

நான் பொய் எழுதவில்லை. சத்தியமாகக் கசந்தது. உன் கடிதத்தில் அவன் பெயரைப் படித்துவிட்டு அதே கையோடு தாளை வாயில் வைத்தேன். மருந்து இல்லை என்கிறாய். நம்புகிறேன். அப்படியானால் கோளாறு என்னிடம்தான்.

போய் வா. அங்கே குளிரும் என்று கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி இத்துடன் அனுப்புகிறேன். காவியாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ படிப்பதை பஸ்ஸில் எல்லோரிடமும் பெருமையாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன், உன்னிடம்தான் சொன்னதில்லை. காய்ச்சல் வந்தால் இனி என்னிடம் சொல். திட்டமாட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும். அந்தத் தாளை ரோஷன் நாக்கில் வைத்தது யார்? அவனேவா, நீயா?

உன்
ஹரீஷ்

மைசூரு,
10 மார்ச் 2025

காவியா அப்பாவுக்கு,

ஸ்வெட்டர் அளவு சரியாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை அறைத்தோழி சத்யப்ரியாவுக்கு வாசித்துக் காட்டினேன். இப்படி ஒரு வீட்டுக்காரரா என்று அவளுக்கே பொறாமை. கடைசிப் பத்தி வந்ததும் நிறுத்திவிட்டேன். "அப்புறம் என்ன எழுதியிருக்காரு?" என்றாள். அவ்வளவுதான் என்று மடித்து வைத்தேன்.

காவியாவுக்குப் பரீட்சை முடிந்ததும் அவளை ஊத்தங்கரையில் அம்மா வீட்டில் விட்டுவிடுங்கள். நீலகிரியிலிருந்து நேராக அங்கேதான் வருவேன்.

முனிலட்சுமி